கேப்டன் வீட்டில் மட்டும் பெருமழை

ஜெத்ரோவின் வண்டி கடை வாசலில் வந்து நின்றதும் ஓர்சோலா வெளியே ஓடி எட்டிப் பார்த்தாள். உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே, சிவப்புப் போர்வையில் சுற்றிய நீளமான ஒன்று சாய்ந்து கிடந்தது.

"அப்பா! அது மறுபடியும் வந்துடுச்சு!"

பட்டறையின் உள்ளே அரத்தின் ஓசை நின்றது.

"எது வந்துடுச்சு?"

"கேப்டன் லெர்வில் பாரமானி. மூணாவது தடவை."

பென்மவுத் துறைமுகத் தெருவில் ஓர்சோலாவின் அப்பா அம்ப்ரோஜியோ விகானோ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இத்தாலியிலிருந்து வந்து பதினோரு வருடமாக அங்கே பாரமானி செய்கிறவர். நாளை மழையா வெயிலா என்று இன்றைக்கே சொல்லும் கருவிதான் பாரமானி. தம்புராவை நிமிர்த்திச் சுவரில் மாட்டினால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி இருக்கும். பளபளக்கும் மரம், மேலே நீண்ட கழுத்து, கீழே வட்டமான முகம். அந்த முகத்தைச் சுற்றிப் புயல், பெருமழை, மழை, மாறும், தெளிவு, நிலைத்த தெளிவு, கடும் வறட்சி என்று எழுதியிருக்கும். நடுவில் ஒரு கறுப்பு முள்.

உள்ளே ஒரு வளைந்த கண்ணாடிக் குழாய், அதில் பாதரசம். காற்று கனத்துப் பாதரசத்தை அழுத்தினால் முள் 'தெளிவு' பக்கம் போகும். காற்று இளைத்தால் 'மழை' பக்கம் இறங்கும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஜெத்ரோ அந்தப் போர்வைச் சுருளை இறக்கி வைத்துவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ஜெத்ரோ அதிகம் பேச மாட்டார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததற்கு அவருடைய குதிரை டச்சஸ்கூடப் பதில் சொல்லாது.

அப்பா கடிதத்தைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"ஐயா, உமது பாரமானி மீண்டும் மூன்று வாரமாகப் 'பெருமழை' என்கிறது. மூன்று வாரமாக இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாற்பது ஆண்டு கடலில் பாரமானி சொன்ன சொல்லைத் தட்டாதவன் நான். அதனால் குடை பிடித்துக்கொண்டே கோழிகளுக்குத் தீனி போடுகிறேன். கோழிகள் என்னைப் பார்த்துச் சிரிக்கின்றன. இந்தத் தடவையும் சரியாகாவிட்டால் இனி இதைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சாமுவேல் லெர்வில்."

ஓர்சோலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டாள்.

அம்மா மெருகுத் துணியும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "முதல்ல மாட்டிப் பாருங்க. அப்புறம் கவலைப்படலாம்."

அப்பா அதைக் கடைச் சுவரின் ஆணியில் மாட்டினார். அதன் பின்பக்கம் இருந்த சின்னக் கதவைத் திறந்து, குழாயை அடைத்திருந்த தக்கையை ஓர்சோலா எடுத்தாள். தக்கை போடுவதும் எடுப்பதும் எப்போதும் அவள் வேலைதான். அவள் விரல்தான் அந்தச் சந்துக்குள் போகும். வழியில் பாதரசம் அலைந்து, குழாய்க்குள் காற்று புகுந்துவிடக் கூடாதே, அதற்குத்தான் தக்கை.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கறுப்பு முள் மெல்ல நகர்ந்து நகர்ந்து 'தெளிவு' என்ற எழுத்தில் வந்து நின்றது. பக்கத்தில் மாட்டியிருந்த கடைப் பாரமானியும் 'தெளிவு' என்றே சொன்னது. வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"இங்க ஒழுங்கா இருக்கு!" என்றாள் ஓர்சோலா.

"போன தடவையும் இங்க ஒழுங்காத்தான் இருந்துச்சு. அதுக்கு முந்தின தடவையும்." அப்பா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "முதல் தடவை முள்ளை இழுக்கற பட்டு நூலை மாத்தினேன். ரெண்டாவது தடவை குழாயையே மாத்தினேன். பாதரசத்தைக் காய்ச்சி, ஒரு குமிழி இல்லாம நிரப்பினேன். இனிமே மாத்தறதுக்கு என்ன இருக்கு?"

பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். திருப்புளியை எடுத்து, பாரமானியின் அடிப்பக்கம் இருந்த சின்னத் தகட்டைக் கழற்றினார். 'அ. விகானோ, பென்மவுத்' என்று அதில் செதுக்கியிருந்தது. அந்த எழுத்துகளை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செதுக்கியதை ஓர்சோலா பார்த்திருக்கிறாள். அன்று ஒரு தும்மலைக்கூட அடக்கி வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருந்தாள்.

தகட்டை அப்பா மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

"ஏம்ப்பா அதைக் கழட்டினீங்க?"

"பொய் சொல்ற பாரமானியில என் பேரு இருக்க வேணாம், கண்ணு."

கழற்றிய இடத்தில் மரம் வெளிறிக் கிடந்தது. பல் விழுந்த வாய்போல. ஓர்சோலாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அப்பா, நாளைக்கு நானும் இது கூடப் போறேன்."

"நீயா? எதுக்கு?"

"இங்க நல்லா இருக்கு. அங்க போனா கெட்டுப்போகுது. அப்ப நடுவுல வழியிலதானே என்னமோ நடக்குது? அதை யாரும் கூடப் போய்ப் பாக்கவே இல்லையே!"

அப்பா அம்மாவைப் பார்த்தார்.

"போகட்டும். ஜெத்ரோ கூடத்தானே போறா. பிள்ளை சொல்றதுல நியாயம் இருக்கு" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் ஓர்சோலா முதல் வேலையாக ஒரு சோப்புத் துண்டை எடுத்தாள். கண்ணாடியில் குறி வைக்க அப்பா அதைத்தான் பயன்படுத்துவார். முள் நின்ற 'தெளிவு'க்கு நேரே கண்ணாடியில் ஒரு கோடு போட்டாள். பிறகு தக்கையை அடைத்து, பாரமானியைச் சாய்த்து, போர்வையில் சுற்றி, வண்டியில் மடிமேல் வைத்துக்கொண்டாள். அம்மா இரண்டு பேருக்கும் இறைச்சிப் பணியாரம் கட்டிக் கொடுத்தாள்.

வண்டி புறப்பட்டது. ஓர்சோலா டச்சஸையே உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் குதிரை மேல்தான் சந்தேகம்.

"ஜெத்ரோ மாமா, டச்சஸ் துள்ளுமா?"

"ம்."

"எப்ப?"

"ஏழு வருஷம் முன்னாடி. ஒரு தடவை."

தெரு முடிந்தது. சாலை வளைந்து வளைந்து மேலே ஏறத் தொடங்கியது. பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டி குலுங்கியது. ஓர்சோலா பாரமானியைக் கைக்குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது.

"மாமா, எனக்குக் காது அடைக்குது."

"எச்சில் முழுங்கு. இந்த வளைவுல எல்லாருக்கும் அடைக்கும்."

விழுங்கினாள். டப்பென்று காது திறந்தது.

பாதி வழியில் ஒரு சத்திரம். டச்சஸுக்கு அங்கே ஒரு மணி நேரம் ஓய்வு. கதவோரத்தில் தொப்பி மாட்டும் ஆணி ஒன்று சும்மா இருந்தது.

"இதை இங்க கொஞ்ச நேரம் மாட்டிக்கலாமா?" என்று சத்திரக்காரியைக் கேட்டாள்.

"தாராளமா. என் புருஷன் தொப்பிதான் அங்க தொங்கும். அவன் எங்கயோ, தொப்பி எங்கயோ" என்றாள் அவள்.

ஓர்சோலா பாரமானியை மாட்டித் தக்கையை எடுத்தாள். பணியாரத்தைத் தின்று முடித்துவிட்டு வந்து பார்த்தாள். முள் 'தெளிவு'க் கோட்டில் இல்லை. 'மாறும்' என்ற எழுத்தையும் கொஞ்சம் தாண்டி இறங்கியிருந்தது.

"பாத்தீங்களா! பாதி வழியிலேயே கெட்டுப்போச்சு! உங்க வண்டி குலுக்கலுதான் மாமா!"

ஜெத்ரோ வண்டியைப் பார்த்தார். டச்சஸைப் பார்த்தார். அதன் கழுத்தை ஒரு தடவை தடவிக் கொடுத்தார். ஓர்சோலாவுக்குத் தான் கடுமையாகப் பேசிவிட்டோம் என்று தோன்றியது.

"கோவிச்சுக்காதீங்க. மீதி வழி நான் கையில தூக்கிட்டு நடந்தே வரேன். ஒரு குலுக்கல் கூட இருக்காது. அப்ப தெரிஞ்சுடும்."

முள் நின்ற இடத்தில் இரண்டாவது சோப்புக் கோடு போட்டாள். மறுபடி தக்கை, மறுபடி போர்வை. பாரமானியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். வண்டி அவளுக்கு முன்னால் போகாமல் கூடவே ஊர்ந்தது. ஜெத்ரோ நான்கு தடவை கையை நீட்டினார். நான்கு தடவையும் அவள் தலையை ஆட்டினாள். கை வலித்தது, தோள் வலித்தது. காது மறுபடியும் அடைத்தது. விழுங்கிக்கொண்டே ஏறினாள். ஒருமுறைகூடக் கால் இடறவில்லை.

உச்சியில் ஒரு வெள்ளை வீடு. சுட்டெரிக்கும் வெயிலில், பெரிய கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

"விகானோ பொண்ணா நீ? நடந்தா வந்தே? அடேயப்பா! உள்ள வா, உள்ள வா" என்றார் கேப்டன் லெர்வில். ஒரு காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தார்.

கூடத்துக்குள் நுழைந்த ஓர்சோலா திகைத்து நின்றாள். நடுக்கூடத்தில் அவள் உயரத்துக்குத் துணிக் குவியல் ஒன்று இருந்தது. அதன் உச்சியில் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்ன பாக்கறே?" என்றாள் கேப்டனின் அக்கா ஹானா. "மூணு வாரத்து அழுக்குத் துணி. துவைச்சா வெளிய காயப்போட விட மாட்டான். மழை வரும்னு முள்ளு சொல்லுதாம்! டேய் சாமுவேல், ஊரே சிரிக்குதுடா நம்மளப் பாத்து!"

"அக்கா, முள்ளு சொன்னா சொன்னதுதான். கடல்ல அதை நம்பாம போனவன் எவனும் திரும்பி வந்து கதை சொன்னதில்ல."

"இது கடலாடா?"

ஓர்சோலா பாரமானியை அதன் ஆணியில் மாட்டினாள். தக்கையை எடுத்தாள். எதிரில் உட்கார்ந்து காத்திருந்தாள். முள் நகர்ந்தது. இறங்கியது. இன்னும் இறங்கியது. 'பெருமழை'யில் போய் நின்றது.

"பாத்தியா!" என்றார் கேப்டன்.

ஓர்சோலாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. குலுக்கல் இல்லை. ஒரு பள்ளத்தில்கூட அவள் கால் வைக்கவில்லை. அப்படியும் முள் இறங்கிவிட்டது. அப்படியானால் அப்பாவின் பெயர் அந்த மேசை இழுப்பறையிலேயே கிடக்க வேண்டியதுதானா?

அப்போது ஹானா குவியலின் அடியிலிருந்து ஒரு கைக்குட்டையை இழுத்தாள். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். ம்ஹூம்.

"அடியில மாட்டிக்கிட்டா இப்படித்தான். மொத்தப் பாரமும் அது மேலதான்" என்று அலுத்துக்கொண்டு, மேலே கிடந்த இன்னொன்றை எடுத்தாள். அது பூப்போல வந்தது. பூனை ஒரு கண்ணை மட்டும் திறந்து மூடிக்கொண்டது.

ஓர்சோலா கைக்குட்டையைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலுக்கு ஓடினாள். வெகு கீழே பென்மவுத் துறைமுகம் ஒரு பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. கப்பல்கள் எறும்புகளைப்போல் இருந்தன.

அடியில் இருப்பதற்குப் பாரம் அதிகம். மேலே இருப்பதற்குப் பாரம் இல்லை. கீழே கடையில் 'தெளிவு'. பாதி வழியில் 'மாறும்'. உச்சியில் 'பெருமழை'. அவள் காதுகூட வழியெல்லாம் அதைத்தானே சொல்லிக்கொண்டு வந்தது?

"கேப்டன் ஐயா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"உங்க கப்பல் எப்பவாவது மலை ஏறியிருக்கா?"

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "கப்பல் எப்படி பாப்பா மலை ஏறும்? கப்பல் கடல்லதான்..."

சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பாரமானியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் காது நுனி சிவந்தது. பிறகு கன்னம். பிறகு மூக்கு.

"காத்து கனத்தா முள்ளு ஏறும்" என்றாள் ஓர்சோலா. "கீழ இருக்கறவங்க மேல நிறையக் காத்து உக்காந்திருக்கு, அந்தக் கைக்குட்டை மாதிரி. நீங்க மேல வந்துட்டீங்க, பூனை மாதிரி. அதான் இங்க காத்துக்குப் பாரம் கம்மி. முள்ளு அதை மழைன்னு நெனச்சுக்குது."

"நாப்பது வருஷம்!" ஹானா இடுப்பில் கை வைத்தாள். "நாப்பது வருஷம் கடல்ல குப்பை கொட்டிட்டு, இது கூடவாடா..."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்க்க ஓர்சோலாவுக்குப் பாவமாக இருந்தது.

"அவரு மேல தப்பே இல்லைங்க" என்று குறுக்கே புகுந்தாள். "கப்பல்ல பாரமானி எப்பவும் கடல் மட்டத்துலதானே இருக்கும்? ஏறுறதுக்கு எடம் ஏது? எங்க அப்பாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியும். ஆனா உங்க வீடு எங்க இருக்குன்னு அவரு உங்களைக் கேக்கவே இல்ல. எங்க மாட்டப் போறீங்கன்னாரு, கூடத்துலன்னீங்க. கேப்டன்னா துறைமுகத்துலதான் வீடு இருக்கும்னு அவரு நெனச்சுட்டாரு. தப்பு ரெண்டு பக்கமும் பாதிப் பாதி."

கேப்டன் தலையை நிமிர்த்தினார். "பாதிப் பாதிதானா?"

"சரி பாதி."

"அப்ப என் பாதிக்கு நானே வந்து பதில் சொல்றேன்" என்று கைத்தடியை எடுத்தார். "ஜெத்ரோ! வண்டியில எனக்கு எடம் இருக்கா?"

"இருக்கு" என்றார் ஜெத்ரோ.

உச்சியில் முள் நின்ற இடத்தில் ஓர்சோலா மூன்றாவது கோடு போட்டாள். இறங்கும் வழியில் சத்திரத்து ஆணியில் மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். முள் ஏறி, இரண்டாவது கோட்டில் வந்து சரியாக நின்றது. கேப்டன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். சத்திரக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஓர்சோலா டச்சஸிடம் போய், "உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்" என்று அதன் காதில் சொன்னாள். மீதியிருந்த பணியாரத்தின் ஓரத்தைக் கொடுத்தாள். டச்சஸ் அதை முகர்ந்துவிட்டு, அவளுடைய தொப்பி நாடாவைத்தான் கடித்தது.

சாயங்காலம் கடைக்குள் கேப்டன் நுழைந்ததும் அப்பா பதறி எழுந்தார். சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"கேப்டன், என்னை மன்னிக்கணும். நான் எவ்வளவோ..."

"பொறுங்க விகானோ. முதல்ல என் வீடு எங்க இருக்குன்னு கேளுங்க."

"எங்க இருக்கு?"

"அந்த மலை உச்சியில."

அப்பா அப்படியே நின்றார். பிறகு நெற்றியில் 'பட்'டென்று அறைந்துகொண்டார். இத்தாலிய மொழியில் நீளமாக ஏதோ சொன்னார். அதில் பாதி ஓர்சோலாவுக்குப் புரிந்தது. மீதி, புரியக் கூடாதது என்று மட்டும் புரிந்தது.

"ஜெத்ரோ! மூணு மாசமா இதைத் தூக்கிட்டுப் போறியே! வீடு மலை மேல இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியே" என்றார் ஜெத்ரோ.

கடைக்குள் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மெருகுத் துணியால் கண்ணைத் துடைக்கப் போய், முகமெல்லாம் பழுப்பாக்கிக்கொண்டாள்.

அப்பா பாரமானியை மாட்டி, முள் ஓர்சோலா கடையில் போட்ட முதல் கோட்டுக்கு வரும்வரை காத்திருந்தார். பிறகு கண்ணாடியைத் திறந்து, முதல் கோட்டுக்கும் மலை உச்சியில் போட்ட மூன்றாவது கோட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்தார். முள்ளை மெதுவாக அவ்வளவு தூரம் முன்னால் தள்ளி வைத்தார். முள் 'கடும் வறட்சி'யையும் தாண்டிப் போய் நின்றது.

"என்ன இது?" கேப்டன் பதறினார். "இப்ப உங்க கடையில பொய் சொல்லுதே!"

"எங்க கடையில பொய் சொல்லும். உங்க வீட்டுல உண்மை சொல்லும்" என்றார் அப்பா. "யாரு வீட்டுக்குப் போகுதோ அவங்களுக்குத்தானே அது உண்மையா இருக்கணும்?"

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து அந்தச் சின்னத் தகட்டை எடுத்தார். மாட்டப் போனவர் கையை நிறுத்தினார். தகட்டையும் திருப்புளியையும் ஓர்சோலாவிடம் நீட்டினார்.

"நீ மாட்டு."

ஓர்சோலா முழங்காலிட்டு உட்கார்ந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு திருகாணிகளையும் முடுக்கினாள். 'அ. விகானோ, பென்மவுத்' என்ற எழுத்து மறுபடி அதன் இடத்தில் மின்னியது. அப்போதுதான் அவளுக்குத் தும்மல் வந்தது. இந்தத் தடவை அடக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஜெத்ரோவின் வண்டி மறுபடி வாசலில் நின்றது. ஓர்சோலா ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. சிவப்புப் போர்வை இல்லை. ஒரு கடிதம் மட்டும் இருந்தது. அப்பா அதைப் படித்தார்.

"ஐயா, ஒன்பது நாளாக 'தெளிவு' என்றது. ஒன்பது நாளும் வெயில். குடையை மடித்து மூலையில் வைத்துவிட்டேன். கோழிகள் இப்போது என்னை மதிக்கின்றன. நேற்றுக் காலையில் முள் 'மழை'க்கு இறங்கியது. அக்காவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. அந்த வாரத்து அழுக்குத் துணியையெல்லாம் துவைத்து வெளியே காயப்போட்டாள். மத்தியானம் கொட்டு கொட்டென்று கொட்டிவிட்டது. ஒரு கைக்குட்டைகூட நனையாமல் மிஞ்சவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு நாளாயிற்று. சாமுவேல் லெர்வில்."

"அப்புறம் அந்த ஹானா அக்கா என்ன சொன்னாங்களாம்?" என்று அம்மா கேட்டாள்.

எல்லோரும் ஜெத்ரோவைத் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டுவிட்டார்களே, பதில் சொல்லத்தானே வேண்டும்? ஜெத்ரோ தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இனிமே துணி துவைக்கறதுக்கு முன்னாடி," என்றார், "முள்ளுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறாங்களாம்."